ஆன்டோ பெயரில் படித்தவள்

நங்கூரத்திலிருந்து
ஜூன் 29

அன்பு ஃபிளோராவுக்கு,

மரியே வாழ்க. நான் சுகமாக இருக்கிறேன். நீயும் அமலிக்குட்டியும் அப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? மேட்டூர் திறந்து நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டதா?

போன் ஏன் வரவில்லை என்று பயந்துபோயிருப்பாய். கப்பல் ஓடவில்லை. துறைமுகத்துக்கு வெளியே நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கிறது. கம்பெனிக்கும் சரக்குக்காரனுக்கும் ஏதோ தகராறு. நெட் இணைப்பை நிறுத்திவிட்டார்கள். கரை கண்ணுக்குத் தெரிகிறது, போனுக்குத்தான் சிக்னல் எட்டவில்லை. இறங்கி வரவும் முடியாது. நங்கூரத்தில் நிற்கிற கப்பலில் இத்தனை பேர் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டமாம். மாற்று ஆள் வந்தால்தான் ஒருவன் இறங்கலாம். கம்பெனி மாற்று ஆள் அனுப்புகிற நிலையில் இல்லை.

தண்ணீர் கொண்டுவரும் படகில் ஜெக்கரியா என்று ஒரு தூத்துக்குடிக்காரர் வேலை செய்கிறார். இந்தக் கடிதத்தைக் கரையில் போய்ப் படம்பிடித்து உன் வாட்ஸப்புக்கு அனுப்புவதாகச் சொன்னார். நீ எழுதுவதை அவருக்கு அனுப்பு. அச்செடுத்துக் கொண்டுவருவார். படகு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. அவர் முதலாளிக்குத் தெரியாமல் செய்கிற உதவி இது. அதனால் கப்பல் பெயர், கம்பெனி பெயர் எதையும் எழுதாதே.

ஒரு காரியம் ஆக வேண்டும். நான் சேர்ந்த ஆன்லைன் பி.பி.ஏ. படிப்பு இந்த மாதம் தொடங்கிவிட்டது. கப்பலில் நெட் இருக்கும், வேலை முடிந்து படித்துக்கொள்ளலாம் என்று நம்பிச் சேர்ந்தேன். இப்போது திறந்துகூடப் பார்க்க முடியவில்லை. நீண்ட நாள் திறக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம். பாஸ்வேர்டு அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அவ்வப்போது ஒரு முறை திறந்து மூடினால் போதும். டிகிரி இருந்தால் காரைக்கால் துறைமுக ஆபீஸில் வேலை வாங்கித் தருவதாக என் நண்பன் டேவிட்சன் சொல்லியிருப்பது உனக்குத் தெரியும். இதுதான் என் கடைசிக் கப்பல் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அதை மறக்கவில்லை.

அமலிக்கு என் முத்தங்கள்.

உன்,
ஆன்டோ


திருவிடைமருதூர்
ஜூலை 13

அன்புள்ள அமலி அப்பாவுக்கு,

உங்கள் கையெழுத்தைப் போனில் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது. நாங்கள் மூவரும் சுகம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. மாமா குறுவை நடவை முடித்துவிட்டார். அமலி ஒன்றாம் வகுப்புக்குப் போகிறாள், டீச்சரைப் பிடிக்கவில்லையாம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கிறதா?

நீங்கள் சொன்னபடி காலேஜைத் திறந்தேன். வீட்டுக்குள் நெட் சரியாக வரவில்லை. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் உட்கார்ந்தால் வருகிறது. உள்ளே நுழைந்ததும் ‘நல்வரவு, ஆன்டோ’ என்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

அது எப்படி இருக்கிறது என்று எழுதுகிறேன், நீங்கள்தான் பார்க்கவே இல்லையே. பாடங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரிசையாக இருக்கின்றன. முதல் பாடம் மட்டும் திறந்திருக்கிறது. மற்றவை சாம்பல் நிறத்தில், பக்கத்தில் ஒரு பூட்டுப் படத்தோடு. முதல் பாடத்தின் வீடியோவை முழுக்கப் பார்த்து, அதன் கீழுள்ள கேள்விகளுக்குப் பதில் கொடுத்தால் ஒரு பச்சை டிக் விழும். அப்போதுதான் அடுத்த பூட்டு திறக்கும். மேலே ஒரு கோடு, எவ்வளவு முடித்தோம் என்று காட்டுகிறது. உங்களுடையது காலியாக இருக்கிறது. அறிவிப்புகள் வரும் மணிப் படத்தைத் தொட்டதும் வரிசையாகச் சிவப்பு எழுத்துகள். ‘ஆன்டோ, உங்களைச் சில நாட்களாகக் காணவில்லை.’ அதை இரண்டு முறை படித்தேன். மெஷின் அனுப்புவதுதான், தெரியும்.

திறந்து மூடிவிட்டேன். வேறு எதையும் தொடவில்லை.

மாமா உங்கள் படிப்பைப் பற்றி விசாரித்தார். நடக்கிறது என்று சொல்லி வைத்தேன். அவரிடம் கப்பல் நிற்கிறது என்று சொல்லவில்லை, சிக்னல் இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

ஜெபத்தில் உங்களை நினைத்தபடி,
ஃபிளோரா


நங்கூரத்திலிருந்து
ஆகஸ்ட் 10

அன்பு ஃபிளோராவுக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. எனக்கு ஒரு குறையும் இல்லை. ஓய்வுதான், இன்ஜின் ஓடாதபோது ஃபிட்டருக்கு என்ன வேலை? தூண்டில் போடக் கற்றுக்கொண்டேன். எங்கள் சமையற்காரர் பஞ்சநதம் சீர்காழிக்காரர். நான் பிடிக்கிற மீனையெல்லாம் நன்றாகக் குழம்பு வைக்கிறார். ஜெனரேட்டரைக் கொஞ்ச நேரம்தான் ஓட்டுகிறோம். வெயில் தாங்காமல் எல்லாரும் மேல்தளத்தில் படுக்கிறோம். காற்று நன்றாக வருகிறது.

நீ எழுதியதைப் பார்த்தால் திறந்து மூடுவது போதாது போலிருக்கிறது. வீடியோவை ஓடவிட்டுவிட்டு உன் வேலையைப் பார். பார்த்ததாக அது எடுத்துக்கொள்ளும். கேள்விகளுக்கு ஏதாவது ஒன்றை அழுத்து. நான் வந்து பிறகு ஒழுங்காகப் படித்துக்கொள்கிறேன். அதுவரை பெயர் இருந்தால் போதும்.

கப்பல் விவரத்தை யாரிடமும் பேசாதே என்று மறுபடியும் சொல்கிறேன். புகார் என்று யாராவது போனால், இனி எந்தக் கப்பலிலும் ஏற முடியாதபடி செய்துவிடுவார்கள் என்று கேப்டன் எங்களை உட்கார வைத்துச் சொன்னார். சீக்கிரம் சரியாகிவிடும்.

அப்பாவை வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொல்.

உன்,
ஆன்டோ


திருவிடைமருதூர்
செப்டம்பர் 21

அன்புள்ள அமலி அப்பாவுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. நீங்கள் மெலிந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை. மாமா குறுவையை அறுத்துவிட்டு சம்பாவுக்கு உழவு ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன், நடக்கவில்லை. பாதியில் தானாக நின்று, இப்போது சொன்னதில் இது என்ன என்று ஒரு கேள்வி கேட்கிறது. பதில் சொன்னால்தான் மேலே ஓடும். தள்ளி ஓட்டவும் விடாது. எங்கே நிறுத்தினோம், எத்தனை முறை திரும்பப் பார்த்தோம் என்பதெல்லாம் பேராசிரியருக்குத் தெரியுமாம். பெயர் குந்தவை, இந்தப் பாடத்தை நடத்துவது அவர்கள்தான். அதனால் உட்கார்ந்து பார்த்தேன்.

பார்த்தால், ஒரு பொருள் விளைகிற இடத்திலிருந்து கடைக்கு வருகிறவரை எத்தனை கை மாறுகிறது, எங்கே தேங்குகிறது என்பதுதான் பாடம். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. க்விஸ்ஸில் கண்ணை மூடி அழுத்த மனம் வரவில்லை. யோசித்துத்தான் போட்டேன். உங்களுக்கு நல்ல மார்க் வந்திருக்கிறது.

அதோடு முடியவில்லை. டிஸ்கஷன் ஃபோரம் என்று ஒன்று. எல்லா மாணவர்களும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதி, மற்றவர்கள் எழுதியதற்கும் பதில் சொல்ல வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த பாடம் திறக்காது. தமிழிலும் எழுதலாம். நீங்கள் நேரில் கண்ட ஒரு தாமதத்தைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நம் ஊரில் எல்லா வயலும் ஒன்றாக முற்றிவிடுகிறது, அறுவடை மெஷின் ஒவ்வொரு வயலாக வந்து சேர்வதற்குள் கதிர் சாய்ந்துவிடுகிறது என்று எழுதினேன். உங்கள் பெயரில்தான். அஹமது கபீர் என்று ஒரு மாணவர், வளைகுடாவில் ஏதோ ஆபீஸில் இருக்கிறாராம், எல்லாரும் ஒரே சமயத்தில் விதைப்பது உங்கள் தப்பு என்று எழுதினார். வாய்க்காலில் தண்ணீர் வருகிறபோதுதானே விதைக்க முடியும் என்று பதில் போட்டேன். குந்தவை மேடம் அதைப் பாராட்டி, ‘ஆன்டோ, வயலைப் பார்த்துப் பேசுகிறீர்கள்’ என்று எழுதியிருக்கிறார்கள்.

மாமா நேற்று மாடிப்படியில் நின்று, “எந்நேரமும் போனையே பாத்துக்கிட்டு இருக்கியேம்மா, அதுல என்னதான் இருக்கு? நாலு பேரு பாத்தா என்ன நெனப்பாங்க?” என்று கேட்டார். உங்கள் படிப்பு விஷயம் என்றால் ஏன் நான் பார்க்கிறேன் என்று கேட்பார். துணி காய்ந்ததா என்று பார்க்க வந்தேன் என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன்.

நீங்கள் கோபித்துக்கொள்ளவில்லையே?

என்றும் உங்கள் நினைவில்,
ஃபிளோரா


நங்கூரத்திலிருந்து
அக்டோபர் 30

அன்பு ஃபிளோராவுக்கு,

படகு நெடுநாள் வரவில்லை. அதனால்தான் தாமதம். சுகமாக இருக்கிறேன். உங்கள் சுகத்துக்கு வேண்டிக்கொள்கிறேன்.

கோபம் ஒன்றும் இல்லை. வாய்க்கால் பதிலைப் பஞ்சநதத்துக்கும் மற்றவர்களுக்கும் படித்துக் காட்டினேன். வெகுநாளைக்குப் பிறகு எல்லாரும் சிரித்தோம். இவர்களிடம் நான் காலேஜ் மாணவன் என்று சொல்லியிருக்கிறேன். சும்மா இருக்கிற நேரத்தில் என்னைப் பாடம் எடுக்கச் சொல்கிறார்கள். எனக்கு என்ன தெரியும்? நீ எழுதியதை வைத்துத்தான் சமாளிக்கிறேன். அடுத்த கடிதத்தில் பாடத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் எழுது.

ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் பார்த்து எழுது. நான் அத்தனை பேசுகிறவன் இல்லை. நாளைக்கு அந்தப் பேராசிரியர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டால் நான் முழிக்கக் கூடாது. பாஸ் ஆனால் போதும். முதலாவதாக வர வேண்டாம்.

பஞ்சநதத்துக்குக் காலில் கொஞ்சம் வீக்கம். மற்றபடி எல்லாம் வழக்கம்போல்தான்.

உன்,
ஆன்டோ


திருவிடைமருதூர்
நவம்பர் 16

அன்புள்ள அமலி அப்பாவுக்கு,

மாதாவின் ஆசியால் நாங்கள் நலம். அமலிக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. மழை நிற்காமல் பெய்கிறது. நடவு முழுகுமோ என்று மாமா வரப்பிலேயே நிற்கிறார்.

உங்கள் கடிதத்தை அருகில் வைத்துத்தான் எழுதுகிறேன். கையெழுத்து நீங்கள் எழுதியதுபோலவே இல்லை, வரியெல்லாம் கீழே இறங்குகிறது. உடம்புக்கு என்ன? என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறேன். மீனைத் தவிர ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. அரிசி இருக்கிறதா? தண்ணீர்?

பார்த்து எழுதச் சொன்னீர்கள், சரி. இந்த வாரம் ஃபோரத்தில் இரண்டு வரிதான் போட்டேன். குந்தவை மேடம் தனியாகச் செய்தி அனுப்பி, உடம்பு சரியில்லையா ஆன்டோ என்று கேட்டார்கள். சரியில்லை என்று எழுதினேன். என்னை மனதில் வைத்து எழுதினேனா, உங்களை வைத்தா என்று எனக்கே தெரியவில்லை.

உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன். வீட்டில் சமைக்கிறேன், துவைக்கிறேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறேன். அந்த மாடியில் உட்காருகிற நேரம் மட்டும்தான் யாரோ என்னிடம் ஒரு கேள்வி கேட்டு, நான் சொல்வதற்குக் காத்திருக்கிறார்கள். அதுவும் உங்களிடம்தான் கேட்கிறார்கள், என்னிடம் இல்லை.

அடுத்து ஒரு சிக்கல். செமஸ்டர் தேர்வு பிப்ரவரியில். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கேமரா முன்னால் முகத்தைக் காட்ட வேண்டும். அடையாள அட்டையில் உள்ள முகத்தோடு அது ஒத்துப்பார்க்கும். தேர்வு முடிகிறவரை பார்த்துக்கொண்டே இருக்கும். கும்பகோணத்தில் நீங்கள் விண்ணப்பம் கொடுத்த இடத்தில் இருக்கிறவருக்குப் போன் செய்து, கணவர் வெளியூரில் மாட்டிக்கொண்டார், தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டேன். “எதுக்கும்மா தள்ளிவைக்கணும்? அந்த முகத்துக்கு ஒத்த ஆளை நான் உக்கார வைக்கிறேன். இதெல்லாம் நடக்கிறதுதான்” என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யட்டும்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
ஃபிளோரா


நங்கூரத்திலிருந்து
டிசம்பர் 18

அன்பு ஃபிளோராவுக்கு,

உங்கள் எல்லாருக்கும் கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். அமலிக்குப் புதுச் சட்டை எடுத்தாயா? குடிலுக்கு அப்பா இந்த வருஷமும் வைக்கோல் பரப்பினாரா? நான் சுகம்.

அந்த ஆள் சொல்கிறபடி செய். மனம் ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறாய். என் மனம் எதற்கெல்லாம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்று உனக்குத் தெரியாது. அந்த டிகிரி ஒன்றுதான் எனக்குக் கரைக்குப் போகிற வழி. இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டு இன்னொரு ஒப்பந்தம் என்னால் முடியாது, ஃபிளோரா. நான் அதைக் கேப்டனிடமோ இவர்களிடமோ சொல்ல முடியாது. உன்னிடம்தான் சொல்கிறேன்.

அப்பா கோயிலில் எல்லாரிடமும் மகன் கப்பலிலிருந்தே காலேஜ் படிக்கிறான் என்று சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும் அவரை. அதைக் கெடுத்துவிடாதே.

பஞ்சநதம் இப்போது சமைப்பதில்லை. நாங்கள் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம்.

உன்,
ஆன்டோ


திருவிடைமருதூர்
ஜனவரி 19

அன்புள்ள அமலி அப்பாவுக்கு,

நாங்கள் நலமாக இருக்கிறோம். நீங்கள் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். இனி சுகம் என்று எழுதாதீர்கள்.

பொங்கல் முடிந்த மறுநாள் ஜெக்கரியா அண்ணனிடமிருந்து போன் வந்தது. இத்தனை மாதத்தில் அவர் பேசியது அதுதான் முதல் முறை. “தங்கச்சி, ஆன்டோ இதெல்லாம் எழுதமாட்டாரு. அரிசி தீந்து நாளாச்சு. நாங்க குடுக்கிற தண்ணியில பாதி துருவா இருக்கு. அந்தச் சமையக்காரரு எந்திரிக்க முடியாம கெடக்காரு. டாக்டர் வேணும்னா கம்பெனி பதிலே சொல்லல. எனக்கு வேல போனாலும் பரவால்ல, உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு” என்றார். கப்பல் பெயரைக் கேட்டேன், கம்பெனி பெயரைக் கேட்டேன், எந்தத் துறைமுகம் என்று கேட்டேன். எல்லாம் சொன்னார்.

மாமாவிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், படிப்பு விஷயத்தைத் தவிர. அவர் யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அவர் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனார். நான் மாடிக்குப் போனேன்.

காலேஜில் கடைசிப் பாடத்தின் கேள்வி வந்திருந்தது. ஒரு சரக்கு வழியில் நின்றுவிட்டால் நஷ்டம் யாருக்கு? உங்கள் பெயரில் எழுதத் தொடங்கினேன். வியாபாரிக்கு, வாங்குகிறவருக்கு, இன்சூரன்ஸுக்கு என்று பாடத்தில் உள்ளபடி எழுதினேன். பிறகு எல்லாவற்றையும் அழித்தேன். என்ன எழுதினேன் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதுதான்:

‘நான் ஆன்டோ இல்லை. அவர் மனைவி ஃபிளோரா. ஜூலையிலிருந்து இங்கே வந்ததும் எழுதியதும் நான்தான், அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் ஒரு சரக்குக் கப்பலில் இருக்கிறார். அது நின்று பல மாதம் ஆகிறது. இறங்க அனுமதி இல்லை. சாப்பாடு இல்லை, ஒருவர் கால் வீங்கிச் சாகக் கிடக்கிறார். நஷ்டம் இவர்களுக்குத்தான். நம் பாடத்தில் இவர்கள் எங்கும் வரவில்லை. உங்களில் யாராவது துறைமுகத்தில் வேலை செய்தால், யாரிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குச் சொல்லுங்கள்.’

கீழே கப்பல் பெயர், கம்பெனி பெயர், துறைமுகம், என் போன் நம்பர் எல்லாம் போட்டேன். படித்துப் பார்த்தால் கை நின்றுவிடும் என்று படிக்காமலே அனுப்பினேன்.

மறுநாள் காலையில் திறந்தேன். பாஸ்வேர்டு செல்லாது என்றது. மறுபடி போட்டேன். இந்தக் கணக்கு முடக்கப்பட்டுள்ளது என்று வந்தது. யாராவது பதில் எழுதினார்களா என்று இனி பார்க்க முடியாது. அலுவலகத்துக்குப் போன் செய்தால், விசாரணை நடக்கும், கடிதம் வரும் என்கிறார்கள்.

உங்களுக்குத் தெரியாது என்று எழுதியது பொய்தான். பழியாவது உங்கள் மேல் விழாமல் இருக்கட்டும் என்று எழுதினேன். உங்களைக் கேட்காமல் செய்துவிட்டேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பீர்கள்.

ஃபிளோரா


நங்கூரத்திலிருந்து
பிப்ரவரி 2

ஃபிளோரா,

உன் கடிதம் வந்தது.

இரண்டுதான் கேட்டேன் உன்னிடம். பெயர் போகாமல் பார்த்துக்கொள் என்றேன். கப்பல் பெயரைச் சொல்லாதே என்றேன். இரண்டையும் மீறிவிட்டாய். முன்பின் தெரியாத பிள்ளைகள் அரட்டை அடிக்கிற இடத்தில் எழுதினால் யார் வரப்போகிறார்கள்? கேப்டனுக்குத் தெரிந்தால் என் நிலைமை என்ன? டேவிட்சனுக்கு நான் என்ன சொல்வேன்?

இருந்த ஒரு வழியையும் அடைத்துவிட்டாய். என் பெயரை எடுத்து நீ பேசினாய், பாராட்டு வாங்கினாய், உனக்கு அது பிடித்திருந்தது. இப்போது என் பெயர் மட்டும் போய்விட்டது.

அமலியைப் பார்த்துக்கொள்.

ஆன்டோ


திருவிடைமருதூர்
மார்ச் 3

அன்புள்ள அமலி அப்பாவுக்கு,

அமலியும் மாமாவும் சுகம். சம்பா அறுவடை முடிந்துவிட்டது, மழைக்குத் தப்பியது போதும் என்கிறார் மாமா.

உங்கள் கடைசிக் கடிதத்துக்கு உடனே பதில் எழுதி அனுப்பினேன். ஜெக்கரியா அண்ணன் அதைப் பார்க்கவே இல்லை. பிறகு அவர் போன் அணைந்தே கிடக்கிறது. இதையும் அந்த நம்பருக்குத்தான் அனுப்பப் போகிறேன். போய்ச் சேருமோ சேராதோ. வேறு வழி தெரியவில்லை.

எனக்கு அது பிடித்திருந்தது என்று எழுதியிருந்தீர்கள். ஆமாம், பிடித்திருந்தது. அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

காலேஜிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஆன்டோவின் சேர்க்கை ரத்து, இந்த செமஸ்டர் மதிப்பெண்கள் செல்லாது, இரண்டு வருஷம் மறுபடி சேர முடியாது. என்னைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. நான் அவர்கள் கணக்கில் இல்லாதவள்தானே. மாமா கடிதத்தை வாங்கிப் பார்த்தார், இங்கிலீஷில் இருந்ததால் படிக்கத் தெரியவில்லை. என்ன என்று கேட்டார். ஃபீஸ் விஷயம் என்றேன்.

பங்குச் சாமியார் மேற்றிராசனத்து ஆயர் அலுவலகம் வழியாக எங்கெங்கோ எழுதிப் போட்டிருக்கிறார், இன்னும் பதில் இல்லை. தினமும் மாடிக்குப் போகிறேன். இப்போது அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. நீங்கள் இருக்கிறீர்களா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். கோபமாகவே எழுதுங்கள்.

ஃபிளோரா


கரையிலிருந்து
மார்ச் 12

என் அன்பு ஃபிளோராவுக்கு,

நேற்று போனில் இருவரும் அழுதோமே தவிர ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டியதை எழுதிவிடுகிறேன். எழுதித்தான் பழக்கமாகிவிட்டது. மாலுமிகள் விடுதியில் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்பு தேறிவிடும் என்று டாக்டர் சொன்னார். பஞ்சநதத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். காலைக் காப்பாற்றிவிடலாம் என்கிறார்கள். ஜெக்கரியா அண்ணனுக்கு வேலை போய்விட்டது. வேறு படகில் சேர்ந்துவிட்டாராம், நேற்று இங்கே வந்து பார்த்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் ஒரு லாஞ்ச் வந்தது. தண்ணீர்ப் படகு என்று நினைத்தோம். கப்பல் தொழிலாளர் சங்கத்து இன்ஸ்பெக்டர் ஏறி வந்தார், கூடவே ஒரு ஒல்லியான ஆள். கேப்டன் தடுத்துப் பார்த்தார், அவர்கள் கேட்கவில்லை. எங்களை வரிசையாக உட்கார வைத்துப் பெயர் எழுதினார்கள். என் முறை வந்து ஆன்டோ என்றதும் அந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். “ஃபிளோராவோட வீட்டுக்காரரா?” என்று தமிழில் கேட்டார். என் மனைவி பெயர் இந்தக் கடலில் இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் விழித்தேன். “நான் அஹமது கபீர். அவங்க கூடப் படிச்சவன்” என்றார்.

அவர் இந்தத் துறைமுகத்தில் ஒரு ஏஜென்ட் ஆபீஸில் கணக்கெழுதுகிறார். நீ எழுதியதைப் படித்ததும் சங்கத்துக்குப் போயிருக்கிறார். எங்கள் கப்பலைப் பற்றி ஒரு புகார்கூட எங்கும் பதிவாகவில்லையாம். ஆட்களைக் கைவிட்ட கப்பல் என்று பதிவானால்தான் இன்சூரன்ஸ்காரன் எங்களை ஊருக்கு அனுப்ப வேண்டுமாம், துறைமுகமும் காவலுக்கு வேறு ஆள் போட வேண்டுமாம். பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தோம், அதனால்தான் யாரும் வரவில்லை. உன் நம்பருக்கு ஏன் பேசவில்லை என்று கேட்டேன். பதிவாகி முடிகிறவரை கம்பெனிக்குத் தெரியக் கூடாது, அதுவரை ஒருவரிடமும் பேச வேண்டாம் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டாராம்.

நேற்று அவர் லேப்டாப்பில் அந்தக் காலேஜைத் திறந்து காட்டினார். என் பெயரில் இருந்த காலேஜை நான் முதல் முறையாகப் பார்த்தேன். தொடக்கத்திலிருந்து நீ எழுதிய எல்லாவற்றையும் படித்தேன். வெயில் சாய்கிறவரை படித்தேன். அந்த அறுவடை மெஷின், வாய்க்கால், நெல் மூட்டை எல்லாம். கூடவே குடியிருந்த எனக்கு இது ஒன்றும் தெரியாமல் போயிற்று. கடைசியில் நீ கேட்ட கேள்வியின் கீழே நிறையப் பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். உன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டதால் நீ ஒன்றையும் பார்த்திருக்க மாட்டாய். உனக்காகக் கையால் எழுதி வைத்திருக்கிறேன்.

மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் செந்தாமரை: ‘அக்கா, கால் வீக்கம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுகிறேன், யாராவது கப்பலுக்குச் சேர்த்துவிடுங்கள்.’ அதன் கீழே ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள்.

சென்னையில் யாரோ கயல்விழி: ‘ஆன்டோ சார் என்று நினைத்துச் சண்டை போட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள், ஃபிளோரா.’

கபீர்: ‘இந்தத் துறைமுகத்தில்தான் நான் இருக்கிறேன். காலையில் போகிறேன்.’

கடைசியாக உன் குந்தவை மேடம்: ‘ஃபிளோரா, விதிப்படி இந்தக் கணக்கை நான் மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும், தெரிவித்துவிட்டேன். காலையில் மூடிவிடுவார்கள். அதற்கு முன் உங்கள் பதிலுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். முழு மதிப்பெண். அது எந்தச் சான்றிதழிலும் சேராது. ஜூன் மாதம் புதிய சேர்க்கை தொடங்குகிறது. உங்கள் பெயரில் விண்ணப்பம் வருகிறதா என்று பார்ப்பேன்.’

நான் உனக்கு எழுதிய கடைசிக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு. எரிச்சலில் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கு அப்படித்தான் நினைத்தேன்.

காரைக்கால் வேலை இனி இல்லை. டேவிட்சனிடம் நானே பேசிக்கொள்கிறேன். ஊரில் டிராக்டர், மோட்டார் பழுது பார்த்தாலும் பிழைத்துக்கொள்வேன். வியாழக்கிழமை திருச்சியில் இறங்குகிறேன். நீ அப்பாவையும் அமலியையும் கூட்டிக்கொண்டு வா. அப்பாவிடம் நீ ஒன்றும் சொல்ல வேண்டாம். வீட்டுக்குப் போகிற வழியில், காரிலேயே, நான் சொல்கிறேன். உங்க மகன் படிக்கவே இல்லப்பா, படிச்சது உங்க மருமக, இந்த ஜூன்ல காலேஜ்ல சேரப்போறதும் அவதான் என்று.

உன்,
ஆன்டோ